ஏழு முறை வென்ற அயர்லாந்து இன்று இறுதிச் சுற்றுக்கே திணறுவது ஏன்?

நாட்டுக்கொரு பாட்டை மேடையேற்றி, நாடுகள் ஒன்றுக்கொன்று புள்ளி கொடுத்து வெற்றியைத் தீர்மானிக்கும் ஐரோப்பாவின் ஆண்டுப் போட்டியான யூரோவிஷன் பாடல் போட்டியில் ஏழு முறை முதலிடம் பெற்ற அயர்லாந்து 1996க்குப் பிறகு ஒரு முறைகூட வெல்லாமல் போனதற்கு, அண்டை நாடுகள் ஒன்றுக்கொன்று வாக்களித்துக்கொள்வதுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, சொந்த மொழி ஒன்று இருக்கும்போது அவர்கள் ஏன் ஆங்கிலத்திலேயே பாடுகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குள் இன்னொன்று ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. முன்பு நியாயமாக நடந்த போட்டி பிறகு கெட்டுவிட்டதா, அல்லது பாடத் தெரிந்த நாடு பாட்டை மறந்துவிட்டதா என்பதையே நீங்கள் அறிய விரும்புகிறீர்கள். இரண்டுமே இல்லை என்பது என் பதில். அயர்லாந்து வென்ற போட்டியும் இன்று நடக்கும் போட்டியும் பெயரளவில்தான் ஒன்று.

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒன்பது ஆண்டுகளும், அதன்பின் டப்ளினில் மேடை இசை நிகழ்ச்சிகளின் ஒலிக்கலவையில் பதினேழு ஆண்டுகளும் வேலை பார்த்தவன். யூரோவிஷன் மேடையில் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. ஆனால் அதில் பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் வேறு மேடைகளில் ஒலி அமைத்திருக்கிறேன். எனவே பாட்டு, குரல், வாத்தியம், மேடை ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதைத் தொழில் அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள். வாக்குகளின் புள்ளியியல் என் துறை அல்ல. அங்கே எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் ஒரு ரசிகனாகவே பேசுகிறேன்.

ஐயத்துக்கு இடமில்லாதவற்றை முதலில் வைக்கிறேன். அயர்லாந்து 1965இல் இப்போட்டிக்குள் நுழைந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1970இல் ஆம்ஸ்டர்டாமில், டானா என்ற பதினெட்டு வயதுப் பெண் முதல் வெற்றியைத் தேடித் தந்தார். அவர் வளர்ந்த டெரி நகரம் ஐக்கிய இராச்சியத்தின் ஆட்சிக்கு உட்பட்ட வட அயர்லாந்தில் இருக்கிறது. அவர் தோற்கடித்ததோ இரண்டாம் இடம் பெற்ற ஐக்கிய இராச்சியத்தை. வட அயர்லாந்தில் கலவரம் மூண்டிருந்த காலத்தில் இந்த முடிவு வெறும் பாட்டுச் செய்தியாக மட்டும் இருந்திருக்காது என்பதை ஊகிக்கலாம். பிறகு 1980, 1987, 1992, 1993, 1994, 1996 ஆகிய ஆண்டுகளில் வெற்றிகள் வந்தன. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்ற நாடு இன்றுவரை அயர்லாந்து ஒன்றே. ஏழு வெற்றி என்ற எண்ணிக்கையில் சுவீடன் 2023இல் அதைச் சமன் செய்தது. தாண்டிச் சென்றவர் எவரும் இல்லை. 1996இல் அந்நாட்டின் மக்கள்தொகை சுமார் 36 லட்சம் மட்டுமே என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

மறுபக்கமும் அதே அளவுக்கு உறுதியானது. அரையிறுதிச் சுற்று 2004இல் அறிமுகமான பிறகு, 2025 வரை அயர்லாந்து 19 முறை அரையிறுதியில் பாடியிருக்கிறது. இறுதிக்குச் சென்றது 7 முறை. 2014 முதல் மட்டும் எண்ணினால் 11 முயற்சிகளில் 2 முறைதான் தேறியது. இறுதிக்குப் போன ஆண்டுகளிலும் பெருமைப்பட அதிகமில்லை: 2007இலும் 2013இலும் கடைசி இடம், இரண்டு முறையும் 5 புள்ளிகள். இதை வீழ்ச்சி என்று அழைக்கத் தயங்க வேண்டியதில்லை.

இப்போது நீங்கள் சந்தேகிக்கும் அண்டை நாட்டு வாக்குகளுக்கு வருவோம். நாடுகள் கொத்துக் கொத்தாக வாக்களிப்பது கற்பனை அல்ல. கிரேக்கமும் சைப்ரஸும் ஒன்றுக்கொன்று உச்சப் புள்ளியான 12ஐக் கொடுத்துக்கொள்வதும், வட ஐரோப்பிய நாடுகள் தமக்குள் தாராளமாக இருப்பதும், முன்னாள் யூகோஸ்லாவிய நாடுகள் அரசியலில் சண்டையிட்டாலும் பாட்டில் ஒன்றையொன்று மறக்காததும் போட்டியைச் சில ஆண்டுகள் பார்த்த எவருக்கும் தெரியும். இதைச் சதி என்று சொல்வது அவசரம். ஒரே மொழிக் குடும்பம், ஒரே வானொலி, எல்லை தாண்டிப் புகழ்பெற்ற பாடகர்கள், வேலைக்காகப் பெயர்ந்து சென்ற மக்கள் ஆகிய இவ்வளவும் இருக்கும்போது அடுத்த வீட்டுப் பாட்டு பிடித்துப்போவது இயல்பு. அயர்லாந்துக்கு அப்படிப்பட்ட அண்டை வீடு ஒன்றுதான். 2004இல் அந்நாட்டுக்குக் கிடைத்த 7 புள்ளிகளும் ஐக்கிய இராச்சியம் ஒன்றே கொடுத்தவை. ஒற்றை அண்டை வீட்டை வைத்துக்கொண்டு ஊர்த் தேர்தலில் நிற்பது போன்றது அது.

இருந்தாலும் இந்த விளக்கத்தை முழுமையாக ஏற்க என்னால் முடியவில்லை. போட்டி அமைப்பாளர்களான ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் இந்தக் குறையைக் கண்டு, 2008 முதல் வழக்கமாக வாக்குகளைப் பரிமாறிக்கொள்ளும் நாடுகளைக் குலுக்கல் முறையில் இரண்டு அரையிறுதிகளுக்குப் பிரித்து வைக்கிறது. 2009இல் இறுதிச் சுற்றுக்கும் 2010இல் அரையிறுதிக்கும் நடுவர் குழுவை மீண்டும் கொண்டுவந்து, மக்கள் வாக்குக்குப் பாதி, நடுவர்களுக்குப் பாதி என்று எடை பிரித்தது. அதன் பிறகும் 2014 முதல் 2017 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அயர்லாந்து அரையிறுதியைத் தாண்டவில்லை. ஸ்பெயின் என்ற ஒற்றை அண்டை வீட்டை மட்டுமே கொண்ட போர்ச்சுகல் 2017இல் 758 புள்ளிகளுடன் வென்றது. ஐக்கிய இராச்சியம் 2022இல் இரண்டாம் இடத்துக்கு வந்தது. கொத்து வாக்குகள் நடுத்தரமான பாட்டைச் சில இடங்கள் மேலே தூக்கும். முதலிடத்தை வாங்கித் தருவதோ, நல்ல பாட்டை அரையிறுதியிலேயே புதைப்பதோ அவற்றால் அரிதாகவே முடியும் என்பது என் கணிப்பு.

அப்படியானால் வேறு என்ன நடந்தது? 1997, 1998, 1999 ஆகிய மூன்று ஆண்டுகளுக்குள் போட்டியின் மூன்று தூண்கள் மாற்றப்பட்டன. அயர்லாந்தின் வீடு அந்த மூன்றின் மேல்தான் நின்றது. 1997இல் ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவீடன், சுவிட்சர்லாந்து, ஐக்கிய இராச்சியம் ஆகிய ஐந்து நாடுகளில் தொலைபேசி வாக்கு பரிசோதனையாகத் தொடங்கி, அடுத்த ஆண்டே ஏறத்தாழ எல்லா நாடுகளுக்கும் பரவியது. 1998தான் மேடையில் முழு வாத்தியக் குழு இருந்த கடைசி ஆண்டு. 1999இல் யார் எந்த மொழியில் வேண்டுமானாலும் பாடலாம் என்று விதி தளர்ந்தது. இம்மூன்றில் எதற்கு எவ்வளவு எடை என்பதில்தான் கருத்து வேறுபாட்டுக்கு இடம் உண்டு.

மொழியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அயர்லாந்துக்காரர்கள் பலர் பேச விரும்பாத பகுதி அது. 1977 முதல் 1998 வரை ஒவ்வொரு நாடும் தன் நாட்டு மொழிகளில் ஒன்றில்தான் பாட வேண்டும். முதல் ஆண்டில் பாட்டை முன்பே தேர்ந்தெடுத்துவிட்டிருந்த ஜெர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் அளித்த விலக்கைத் தவிர, ஆங்கிலத்தில் பாடும் உரிமை 1990 வரை இரண்டே நாடுகளுக்கு இருந்தது. 1991இல் மால்டா திரும்பி வந்தபோது மூன்றானது. வானொலியில் நாள் முழுதும் ஆங்கிலப் பாட்டுக் கேட்டு வளர்ந்த ஐரோப்பாவில், மற்ற இருபது நாடுகள் தத்தம் மொழியில் பாட, இரண்டு மூன்று நாடுகள் மட்டும் எல்லாருக்கும் ஓரளவு புரியும் மொழியில் பாடின. அந்த 22 போட்டிகளில் 8 முறை வென்றது ஆங்கிலப் பாட்டு: அயர்லாந்து 6, ஐக்கிய இராச்சியம் 2. 1992இன் முடிவைப் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். முதல் மூன்று இடங்கள் அயர்லாந்து, ஐக்கிய இராச்சியம், மால்டா. ஆங்கிலத்தில் பாடிய மூன்று நாடுகளும் வரிசையாக முதல் மூன்று இடங்களில் வந்து அமர்ந்ததைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் இங்கேயே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆங்கிலம் மட்டுமே போதும் என்றால் அதே சலுகையோடு, பல மடங்கு பெரிய இசைத்துறையையும் வைத்திருந்த ஐக்கிய இராச்சியம் அல்லவா அள்ளிக் குவித்திருக்க வேண்டும்? அதே 22 ஆண்டுகளில் அந்நாடு ஆறு முறை இரண்டாம் இடத்தில் நின்றது. முதலிடம் இரண்டே முறை. எனவே ஆங்கிலம் ஒரு படிக்கட்டு. ஏறிய காலுக்கும் வலு இருந்தது. 1993 போட்டியே இதற்குச் சாட்சி. தொலைபேசி இணைப்புக் கோளாறால் மால்டாவின் வாக்கு கடைசிக்குத் தள்ளிப்போனது. அதுவரை எண்ணியதில் அயர்லாந்து ஐக்கிய இராச்சியத்தைவிட 11 புள்ளிகள்தாம் முன்னே இருந்தது. மால்டா கொடுக்கும் 12 யாருக்கு என்பதில் முடிவு தொங்கியது. மால்டா அதை அயர்லாந்துக்கே கொடுத்தது. 187க்கு 164 என்று நீவ் கவனா வென்றார்.

அந்த வலு எங்கிருந்து வந்தது என்பதுதான் பதில்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. ஏழு வெற்றிகளையும் மேசையில் பரப்பி, பின்னால் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். 1980இல் பாடியவர் ஜானி லோகன். பாட்டு ஷே ஹீலியுடையது. 1987இல் தானே எழுதித் தானே பாடி வென்றவரும் லோகன். 1992இல் லிண்டா மார்ட்டின் பாடிய பாட்டை எழுதியவரும் அவரே. 1984இல் அதே மார்ட்டின் இரண்டாம் இடம் பெற்ற பாட்டும் அவருடையதுதான். 1994, 1996 ஆகிய இரண்டு வெற்றிப் பாடல்களையும் எழுதியவர் பிரெண்டன் கிரஹாம். ஆக, ஏழில் ஐந்து வெற்றிகள் இரண்டே மனிதர்களின் கை பட்டவை. இவர்களோடு மூன்றாவதாக, பார்வையாளர்களுக்கு முதுகை மட்டுமே காட்டிய ஒருவரையும் சேர்க்க வேண்டும்: இசைநடத்துநர் நோயல் கெலஹன். 1980, 1987, 1992, 1993, 1996 ஆகிய ஐந்து வெற்றிகளிலும் வாத்தியக் குழுவை நடத்தியவர் அவர். ஒரே நடத்துநர் ஐந்து வெற்றிப் பாடல்களை நடத்திய பெருமை வேறெவருக்கும் இல்லை. தேசத்தின் இசைத்திறன் என்று நாம் பொதுவாகச் சொல்வது, நெருங்கிப் பார்த்தால், ஒரு நாட்டில் ஒரே காலத்தில் வாழ்ந்த மூன்று பேராகச் சுருங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட வெற்றி அவர்கள் ஓய்ந்ததும் ஓய்வதில் வியப்பில்லை.

வாத்தியக் குழுவைப் பற்றி என் தொழில் சார்ந்து ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஐம்பது பேருக்கு மேல் கொண்ட குழு நேரடியாக வாசிக்கையில், ஒலிக்கலவையாளனுக்கு முதல் கவலை குரலைக் காப்பாற்றுவது. வயலின் கூட்டம் எழும்பும் இடத்தில் குரல் அடியில் போய்விடக்கூடாது. முரசொலி மைக்கில் கசியக்கூடாது. இந்தச் சூழலில் நன்றாக ஒலிப்பது மெதுவான தாளம், நீண்ட சுரங்கள், குரலுக்கு இடம்விட்டு எழுதிய பின்னணி இசை, கடைசிப் பல்லவியில் சுருதியை ஏற்றிக் கொண்டுபோகும் அமைப்பு. அயர்லாந்தின் வெற்றிப் பாடல்களில் பெரும்பாலானவை அந்த அச்சில் வார்த்தவையே. மின்னணுத் தாளத்தையும் செயற்கை ஒலிகளையும் நம்பிய பாட்டுகளோ அதே மேடையில் மெலிந்து ஒலித்தன. வீட்டில் கேட்ட இசைத்தட்டுக்கும் மேடையில் கேட்டதற்கும் சம்பந்தமே இருக்காது. முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்த பின்னணி இசையை, அதாவது டிராக்கை, மட்டுமே வைத்துப் பாடலாம் என்று ஆனதும் இந்த ஏற்றத்தாழ்வு தலைகீழானது. ஒலிப்பதிவுக் கூடத்தில் மாதக்கணக்கில் செதுக்கிய டிராக் அப்படியே அரங்கில் அதிர்ந்தது. 2021 முதல் பின்னணிக் குரல்களையும் முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. இன்று மேடையில் உண்மையாக உயிரோடு இருப்பது முதன்மைக் குரல் மட்டுமே.

என் கருத்துக்கு எதிரான சான்று ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 1994இல் டப்ளினில் பால் ஹாரிங்டனும் சார்லி மெக்கெட்டிகனும் ஒரு பியானோ, ஒரு கிதார் ஆகிய இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு பாடினார்கள். அன்று வாத்தியக் குழு அவர்களுக்காக ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. அவர்கள் பெற்றது 226 புள்ளிகள். இரண்டாம் இடத்துக்கு வந்த போலந்து 166. எனவே வாத்தியக் குழு போனதால்தான் அயர்லாந்து வீழ்ந்தது என்று யாராவது ஒற்றை வரியில் எழுதினால் நம்பாதீர்கள். என் வாதம் அதைவிடச் சற்றுக் குறுகியது: குரலையும் சொல்லையும் முன்னிறுத்தும் பாட்டுக்கு அந்தக் காலத்து மேடை சாதகமாக இருந்தது, இன்றைய மேடை அப்படி இல்லை.

மூன்றாவது தூணான வாக்களிப்பு முறை இவற்றையெல்லாம்விட முக்கியம் என்று நினைக்கிறேன். சிறு நடுவர் குழு ஒன்று எல்லாப் பாட்டுகளையும் கேட்டு வரிசைப்படுத்தும்போது, எவருக்கும் வெறுப்பு வராத, எல்லாருக்கும் ஓரளவு பிடித்த பாட்டு மேலே வந்துவிடும். பத்து நடுவர்களும் அதை மூன்றாவதாக வைத்தாலே போதும். தொலைபேசியில் வாக்களிப்பவர் அப்படிச் செய்வதில்லை. தனக்கு மூன்றாவதாகப் பிடித்த பாட்டுக்காக யாரும் காசு செலவழித்து எண்களை அழுத்துவதில்லை. உயிராகப் பிடித்த ஒன்றுக்கே அழுத்துவார்கள். ஆக, நூறு பேருக்கும் ஓரளவு பிடித்த பாட்டு சுழியம் வாங்கவும், எண்பது பேர் முகம் சுளித்து இருபது பேர் கொண்டாடும் பாட்டு அள்ளிச் செல்லவும் வாய்ப்பு உண்டு. அயர்லாந்தின் கைவண்ணம் முதல் வகை. கல்யாணப் பந்தியில் எல்லாரும் சாப்பிடும் சாம்பார் சாதம் போன்றது. குறை சொல்ல ஆளில்லை, அதற்காகவே பந்திக்கு வந்தவரும் இல்லை.

இதற்கு ஆதரவான எடுத்துக்காட்டுகள் அந்நாட்டின் பிற்காலப் பட்டியலிலேயே இருக்கின்றன. 2007இல் டர்விஷ் என்ற, உலகம் முழுதும் மதிக்கப்படும் மரபிசைக் குழுவை அனுப்பினார்கள். கடைசி இடம் கிடைத்தது. வானத்தைப் பார்த்து நிமிர்த்திய தலைமுடியோடு துள்ளிக் குதித்த ஜெட்வர்ட் இரட்டையர்கள் 2011இல் எட்டாம் இடம் பெற்றார்கள். அவர்களைச் சகிக்க முடியாதவர்கள் டப்ளினிலேயே ஏராளம். 2024இல் சுவீடனின் மால்மோவில், மெழுகுவர்த்திகள் சூழ்ந்த வட்டத்தில், உடம்பில் அயர்லாந்தின் பழைய எழுத்துமுறையான ஓகம் எழுத்துகளோடு, அலறலும் மென்குரலும் மாறி மாறிப் பாடிய பாம்பி தக் 278 புள்ளிகளோடு ஆறாம் இடத்துக்கு வந்தார். அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. அதன் ஒலியமைப்பை எடுத்துத் தனியாக இரண்டு மாலைகள் கேட்டேன். எண்பதில் ஒருவன் நான், அவ்வளவுதான். பாம்பி தக் பிறந்து வளர்ந்த மக்ரூம் கார்க் கவுண்டியில் இருக்கிறது. 1993 போட்டியைக் குதிரையேற்றக் கூடத்தில் நடத்திக் காட்டிய, சுமார் 1,500 பேர் மட்டுமே வாழ்ந்த மில்ஸ்ட்ரீட் என்ற சிற்றூரும் அதே கவுண்டிதான். அந்தக் கூடத்தையும் இந்த மெழுகுவர்த்தி வட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முப்பது ஆண்டுகளில் போட்டி எவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது என்பது புரியும்.

போட்டியிட்ட நாடுகளின் எண்ணிக்கையையும் போகிற போக்கில் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டானா வென்றபோது 12 நாடுகள்; லோகன் முதலில் வென்றபோது 19; 1994இல் 25; 2008இல் 43. எல்லாரும் சம திறனோடு பாடினாலும், இருபத்தைந்தில் ஒன்றாக இருந்த வாய்ப்பு நாற்பத்து மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

இனி, உறுதியில்லாத ஒன்று. டப்ளினில் எந்த மதுக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தாலும் யாராவது ஒருவர், தொடர்ந்து போட்டியை நடத்தும் செலவு தாங்காமல் ஆர்.டி.ஈ. என்ற அரசு ஒலிபரப்பு நிறுவனமே வேண்டுமென்று தோற்கும் பாட்டை அனுப்பியது என்பார். வென்ற நாடு அடுத்த ஆண்டு போட்டியை நடத்துவது வழக்கம் என்பதால் 1993, 1994, 1995, 1997 என்று ஐந்து ஆண்டுகளில் நான்கு முறை அந்தப் பொறுப்பு அயர்லாந்தின் தலையில் விழுந்தது உண்மை. இதை வைத்து நகைச்சுவைத் தொடரில் கதையே வந்தது. ஆனால் தோற்க நினைத்தவர்கள் 1996இல் ஈமர் க்வினைப் போன்ற குரலைத் தேடிப் பிடித்து ஒஸ்லோவுக்கு அனுப்புவார்களா? 1997இலும் இரண்டாம் இடம் வந்தது. நான் இதை நல்ல மதுக்கடைக் கதை என்ற அளவில் ரசிக்கிறேன், வரலாறாக ஏற்கவில்லை. அந்தச் செலவில் வந்த லாபத்தையும் மறக்கக் கூடாது: 1994 போட்டியின் இடைவேளையில் பில் வீலன் இசையில் ஏழு நிமிடம் ஆடிய ரிவர்டான்ஸ், முழுநீள நிகழ்ச்சியாக வளர்ந்து உலகைச் சுற்றியது. அன்று மேடையில் போட்டியிட்ட பாடல்களில் எத்தனை இன்று யாருக்காவது நினைவிருக்கும்?

வேண்டுமென்று தோற்றார்கள் என்பதை மறுத்தாலும், அக்கறை குறைந்தது என்பதை மறுக்க முடியாது. சுவீடன் தன் பாட்டைத் தேர்ந்தெடுக்க ஆறு வாரம் நீளும் போட்டியை ஆண்டுதோறும் நடத்துகிறது. அந்நாட்டின் முன்னணிப் பாடகர்கள் அதில் பாட வரிசையில் நிற்கிறார்கள். அயர்லாந்தில் பல ஆண்டுகள் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அரட்டை நிகழ்ச்சியிலேயே தேர்வு முடிந்துவிட்டது. 2008இல் டஸ்டின் என்ற வான்கோழிப் பொம்மையைப் பெல்கிரேடுக்கு அனுப்பினார்கள். கொத்து வாக்குகளைக் கேலி செய்யும் நையாண்டி அது. ஐரோப்பா சிரிக்கவில்லை, அரையிறுதியிலேயே திருப்பி அனுப்பியது. இதற்கிடையில் அயர்லாந்தின் நல்ல பாடலாசிரியர்களும் பாடகர்களும் இப்போட்டியை எட்டிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்பது, அவர்களோடு வேலை பார்த்ததில் நான் நேரில் உணர்ந்தது. தோற்றால் கேலி, வென்றாலும் பாதி கேலி என்றால் யார் வருவார்கள்? 2025இல் அயர்லாந்துக்காகப் பாடிய எம்மி நார்வே நாட்டுப் பெண்; அரையிறுதியைத் தாண்டவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன், 1995இல், நார்வேக்கு வெற்றி தேடித் தந்த இசை இணையில் வயலின் வாசித்தவர் ஃபினூலா ஷெர்ரி என்ற அயர்லாந்துப் பெண். பண்டமாற்றில் யாருக்கு லாபம் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

2026 போட்டியைப் பொறுத்தவரை எட்டாவது வெற்றி பற்றிய பேச்சுக்கே இடமில்லை. காஸாவில் நேர்ந்த உயிரிழப்புகளைச் சுட்டி, இஸ்ரேல் பங்கேற்கும் நிலையில் தான் கலந்துகொள்வதில்லை என்று ஆர்.டி.ஈ. 2025 டிசம்பரில் அறிவித்தது. ஸ்பெயின், நெதர்லாந்து, ஸ்லோவேனியா ஆகியவையும் அதே நாளில் அதே முடிவை எடுத்தன. இதற்கு முன்பு அயர்லாந்து 1983இலும், முந்தைய ஆண்டின் குறைந்த புள்ளிகளால் 2002இலும் கலந்துகொள்ளவில்லை. ஆனால் கொள்கை காரணமாக விலகுவது வேறு வகை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை சுருக்கமானது. ஐரிஷ் அயர்லாந்தின் முதல் ஆட்சிமொழி என்று அரசமைப்பில் எழுதியிருந்தாலும், அன்றாடம் அதில் புழங்குவோர் சிறுபான்மையினர்; மற்றவர்களுக்கு அது பள்ளிப் பாடம். யூரோவிஷனில் முழுமையாக ஐரிஷ் மொழியில் பாடிய அயர்லாந்துப் பாடல் இதுவரை ஒன்றே: 1972இல் எடின்பரோவில் சாண்டி ஜோன்ஸ் பாடியது, 18 நாடுகளில் 15ஆம் இடம். நாட்டு மொழியில்தான் பாட வேண்டும் என்ற விதி இருந்த காலத்திலும் ஆங்கிலமும் அவர்களுக்கு நாட்டு மொழியாக இருந்ததால், ஐரிஷில் பாட அந்த விதி அவர்களைக் கட்டாயப்படுத்தவே இல்லை. மற்ற நாட்டாரின் மொழிகளைக் காத்த விதி, ஐரிஷைப் பொறுத்தவரை, ஆங்கிலத்துக்கே குடைபிடித்தது. ஐரிஷ் பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் நீங்கள் பார்க்க வேண்டியது சிறுவர்களுக்கான யூரோவிஷன். அதில் அயர்லாந்தின் சார்பில் கலந்துகொள்வது ஐரிஷ் மொழித் தொலைக்காட்சியான டி.ஜி.4, 2015இல் சேர்ந்தது முதல் பிள்ளைகள் ஐரிஷிலேயே பாடுகிறார்கள். 2022இல் ஆர்மீனியத் தலைநகர் யெரவானில் சோஃபி லெனன் என்ற சிறுமி ஒளி என்று பொருள்படும் தலைப்பு கொண்ட பாட்டைப் பாடி நான்காம் இடம் பெற்றாள். மெதுவான தாளம், நீண்ட சுரங்கள், குரலுக்கு இடம்விட்ட பின்னணி இசை. கெலஹன் நடத்திய பாட்டுகளின் வாசனை அதில் எனக்கு அடித்தது.